பூமியை நிறுக்கும் தராசு: எடை அலகுகளை மாற்றுவதும் கோள்களின் நிறையை அளப்பதும்

பூமியின் நிறை எவ்வளவு என்று பழைய நூல்களையும் புதிய நூல்களையும் புரட்டிப் பார்க்கும் ஒருவர் மூன்று வெவ்வேறு எண்களைச் சந்திக்க நேரலாம். ஒன்றில் 5.97 × 10²¹ டன் என்றும், இன்னொன்றில் 6.58 × 10²¹ டன் என்றும், மற்றொன்றில் 5.88 × 10²¹ டன் என்றும் இருக்கும். காலப்போக்கில் அளவீடு திருந்தியதால் எண்ணும் மாறிவிட்டது போலும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மூன்றும் ஒரே அளவைத்தான் குறிக்கின்றன. "டன்" என்ற சொல்லுக்குத்தான் மூன்று பொருள்கள் உள்ளன. மெட்ரிக் டன் என்பது 1,000 கிலோகிராம். அமெரிக்காவில் வழங்கும் குறு டன் 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907.18 கிலோகிராம். பிரிட்டனில் வழங்கிவந்த நெடு டன் 2,240 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,016.05 கிலோகிராம். அலகு சிறியதாக இருந்தால் எண் பெரியதாகும், அலகு பெரியதாக இருந்தால் எண் சிறியதாகும் என்ற எளிய உண்மையே அந்த மூன்று எண்களுக்கும் காரணம்.

அலகு மாற்றத்தில் தொடங்குபவர்கள் செய்யும் பிழைகளுள் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையை மறப்பதால் வருபவை. பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பார்கள், வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்குவார்கள். கிலோகிராமைப் பவுண்டாக மாற்றும்போது, பவுண்டு சிறிய அலகு, ஆகவே விடை தொடக்க எண்ணைவிடப் பெரியதாக வர வேண்டும் என்று கணக்கைத் தொடங்கும் முன்பே சொல்லிக்கொண்டால் இந்தப் பிழை அகப்பட்டுவிடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பழக்கம் மேலானது என்பது என் எண்ணம்.

முறையாகச் செய்ய விரும்புபவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. ஒரு பவுண்டு என்பது 0.45359237 கிலோகிராம். இவ்விரண்டும் ஒரே அளவானவை என்பதால், 0.45359237 கிலோகிராமை ஒரு பவுண்டால் வகுத்தால் கிடைப்பது 1 என்னும் மதிப்பே. எந்த அளவையும் ஒன்றால் பெருக்கினால் அது மாறாது. ஆகவே 150 பவுண்டை இந்தப் பின்னத்தால் பெருக்கலாம். மேலே இருக்கும் பவுண்டும் கீழே இருக்கும் பவுண்டும் அடிபட்டுப் போக, 68.04 கிலோகிராம் என்ற விடை எஞ்சும். பின்னத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டால் பவுண்டு அடிபடாது; விடையில் "பவுண்டு இருமடி வகுத்தல் கிலோகிராம்" என்ற பொருளற்ற அலகு வந்து நிற்கும். எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதிக் கணக்கிடுபவருக்குப் பிழை தானாகவே வெளிப்பட்டுவிடுகிறது.

0.45359237 என்ற அந்த நீண்ட எண் அளந்து பெற்றதன்று என்பதையும் கவனிக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் பவுண்டைக் கிலோகிராமின் வழியாகவே வரையறுக்க இசைந்தன. அதற்குப்பின் பவுண்டுக்கெனத் தனியாக ஒரு மூலம் இல்லை. அது கிலோகிராமின் ஒரு பங்குக்கு இட்ட பெயர். எனவே இந்த மாற்றுக் காரணியில் எவ்விதப் பிழையும் ஐயமும் கிடையாது. எல்லா மாற்றுக் காரணிகளும் இவ்வளவு உறுதியானவை அல்ல என்பதைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் காண்போம்.

காரணி துல்லியமானது என்பதற்காக விடையும் துல்லியமாகிவிடாது. "ஏறத்தாழ பத்துப் பவுண்டு இருக்கும்" என்று சொல்லப்பட்ட பொருளை 4.5359237 கிலோகிராம் என்று எழுதுவது, கையால் தூக்கிப் பார்த்து மதிப்பிட்டதை நுண்தராசில் நிறுத்ததுபோலக் காட்டுவதாகும். நான்கரை கிலோகிராம் என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

பெயர் ஒன்று, அளவு வேறு என்ற சிக்கல் டன்னோடு முடிவதில்லை. பொன், வெள்ளி போன்ற உயர் உலோகங்களை உலகச் சந்தையில் டிராய் அவுன்சில் நிறுக்கிறார்கள், அது 31.1034768 கிராம். பிற பொருள்களுக்கான வழக்கமான அவுன்சு 28.35 கிராம்தான். ஆனால் டிராய் பவுண்டில் 12 அவுன்சுகளே உள்ளன. வழக்கமான பவுண்டிலோ 16. இதனால் ஒரு விந்தை விளைகிறது: ஓர் அவுன்சு பொன் ஓர் அவுன்சு இறகைவிடக் கனமானது, ஒரு பவுண்டு பொன்னோ ஒரு பவுண்டு இறகைவிட இலேசானது. முன்னதில் 31.1-க்கு 28.35, பின்னதில் 373.2-க்கு 453.6. விடுகதைபோல் தோன்றினாலும் இது வெறும் கணக்கு.

எண்ணை அலகிலிருந்து பிரித்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்த நிகழ்ச்சியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஒரு போயிங் 767 விமானத்தின் எரிபொருள் காட்டிகள் செயலிழந்திருந்தன. ஆகவே தொட்டிகளில் எஞ்சியிருந்த எரிபொருளை அளவுகோலிட்டு அளந்தார்கள்: 7,682 லிட்டர். பயணத்துக்குத் தேவைப்பட்டதோ 22,300 கிலோகிராம். லிட்டர் என்பது கனஅளவு, கிலோகிராம் என்பது நிறை; ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக அடர்த்தி வேண்டும். அந்த எரிபொருள் லிட்டருக்கு 0.803 கிலோகிராம். ஆனால் கணக்கில் பயன்படுத்தப்பட்ட எண் 1.77. அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதைக் குறிக்கும் எண். சரியான கணக்கின்படி 20,000 லிட்டருக்குச் சற்று மேல் நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பியது 4,900 லிட்டரளவே. வானில் பாதி வழியில் இரு எஞ்சின்களும் நின்றுபோயின. விமானிகள் அதைச் சறுக்கு விமானம்போல் ஓட்டிச்சென்று, கிம்லி என்னும் ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். ஓர் உயிரும் போகவில்லை. 1.77 என்ற எண்ணில் தவறில்லை. அதன் பின்னால் "பவுண்டு" என்ற சொல் எழுதப்பட்டிருந்தால், கூட்டலிலேயே அது கிலோகிராமோடு ஒட்டாமல் நின்றிருக்கும்.

நிறையும் எடையும்

இதுவரை எடை என்றும் நிறை என்றும் சற்றே தாராளமாக எழுதிவந்தேன். கோள்களை நோக்கிப் போவதற்கு முன் இவற்றைப் பிரித்தாக வேண்டும். ஒரு பொருளில் எவ்வளவு பருப்பொருள் அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது நிறை. அதை ஈர்ப்பு எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதைச் சொல்வது எடை. நிறையின் அலகு கிலோகிராம். எடை ஒரு விசை ஆகையால் அதன் அலகு நியூட்டன். அன்றாடப் பேச்சில் எடை என்ற சொல்லே இரண்டுக்கும் வழங்குவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள்; குழப்பம் அவர்களுடையதன்று, வழக்கினுடையது. நினைவில் வைத்துக்கொள்ளச் சொற்களே உதவுகின்றன. எடை என்பது "எடு" என்பதிலிருந்து வருவது. ஒன்றைத் தூக்கி எடுக்கும்போது கை உணர்வது. அந்த உணர்ச்சி, நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது.

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரைப் பூமி ஏறத்தாழ 588 நியூட்டன் விசையோடு இழுக்கிறது. நிலவில் அதே மனிதரின் எடை 97 நியூட்டன். சுருள்வில் தராசை நிலவுக்குக் கொண்டுபோய் அதில் அவரை நிற்கவைத்தால் முள் பத்துக் கிலோகிராமுக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஆனால் இரு தட்டுத் தராசைக் கொண்டுபோனால் அங்கும் 60 கிலோகிராம் படிக்கற்களே அவரைச் சமன்செய்யும்; ஏனென்றால் நிலவு அவரை எவ்வளவு குறைவாக இழுக்கிறதோ படிக்கற்களையும் அதே அளவு குறைவாகத்தான் இழுக்கிறது. சுருள்வில் விசையை அளக்கிறது. தட்டுத் தராசு ஒப்பிடுகிறது. இந்த வேறுபாடு நிலவில் மட்டும் இருப்பதன்று. பூமியிலேயே நிலநடுக்கோட்டில் ஈர்ப்பு முடுக்கம் நொடிக்கு நொடி 9.780 மீட்டர், துருவத்தில் 9.832 மீட்டர். நிலநடுக்கோட்டில் சரிபார்த்த சுருள்வில் தராசு, துருவத்தில் ஒரு கிலோகிராமை 1,005 கிராம் என்று காட்டும். நுண்மையான மின்னணுத் தராசுகளை அவை இருக்கும் இடத்திலேயே தெரிந்த படிக்கல்லை வைத்துச் சரிபார்ப்பது இதனால்தான்.

ஈர்ப்பே உணரப்படாத விண்வெளி நிலையத்தில் இரண்டு தராசுகளும் பயன்படா. அங்கே விண்வெளி வீரரை ஒரு சுருள்வில்லோடு இணைந்த இருக்கையில் அமர்த்தி ஆடவிடும் கருவி 1973-இல் ஸ்கைலேப் நிலையத்திலேயே இருந்தது. நிறை கூடினால் ஆட்டம் மெதுவாகும். ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்திலிருந்து நிறையைக் கணக்கிடலாம். எடை முற்றும் மறைந்த இடத்திலும் நிறை மறையவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் இல்லை.

நிறையையும் விசையையும் ஒரே பெயரால் வழங்கும் பழக்கம் பவுண்டுக்கும் உண்டு. நிறைப் பவுண்டு வேறு, விசைப் பவுண்டு வேறு. பின்னது ஏறத்தாழ 4.45 நியூட்டன். 1999 செப்டம்பர் 23 அன்று மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்னும் நாசாவின் விண்கலம் செவ்வாயை அடைந்தவுடன் தொலைந்துபோனதற்கு இந்த 4.45 மடங்கே காரணம்: ஒரு மென்பொருள் உந்துதலை விசைப் பவுண்டு அலகில் எழுதிக் கொடுத்தது, மற்றொன்று அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது.

கிலோகிராமே எதனோடு ஒப்பிடப்படுகிறது என்ற கேள்வி இங்கே எழும். 1795-இல் பிரான்சில் ஒரு கிராம் என்பது, பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை என வகுக்கப்பட்டது. நீரை வைத்து அளப்பது கையாளச் சிரமமானது என்பதால் பிறகு உலோகத்துக்கு மாறினார்கள். 1889 முதல், பாரிசை அடுத்த செவ்ரேயில் காக்கப்பட்ட பிளாட்டினம்–இரிடியம் உருளை ஒன்றே உலகின் கிலோகிராமாக இருந்தது. நூறாண்டுக் காலத்தில் அந்த உருளைக்கும் அதன் நகல்களான படிகளுக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு தோன்றியது. உருளை மெலிந்ததா, படிகள் பருத்தனவா என்று கேட்கவே முடியாது. வரையறைப்படி உருளை எப்போதும் சரியாக ஒரு கிலோகிராம். இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத்தான் 2019 மே 20 முதல், இயற்பியலின் அடிப்படை மாறிலிகளுள் ஒன்றான பிளாங்க் மாறிலிக்கு ஒரு நிலையான எண்ணைக் கொடுத்து, கிலோகிராமை அதன் வழியே வரையறுக்கிறார்கள்.

காவெண்டிஷின் ஈயக் குண்டுகள்

இப்போது பூமிக்கு வருவோம். "பூமியின் எடை எவ்வளவு" என்ற கேள்வி பொருளற்றது. எடை என்பது ஏதோ ஒன்று இழுப்பது. பூமியை எதன்மேல் வைத்து, எது இழுக்க, நிறுப்பது? பூமியின் நிறை எவ்வளவு என்பதே சரியான கேள்வி. அதற்கும் தட்டுத் தராசின் வழியே வழி: தெரிந்த ஒன்றோடு ஒப்பிட வேண்டும். தட்டில் ஏற்ற முடியாததை எப்படி ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட ஈர்ப்பு விதி இதற்கு வழி காட்டியது. ஒரு பொருள் மற்றொன்றை இழுக்கும் விசை, இழுப்பதன் நிறைக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. தொலைவின் இருமடிக்கு, அதாவது தொலைவைத் தன்னாலேயே பெருக்கி வரும் எண்ணுக்கு, எதிர்விகிதத்தில் குறைகிறது. அப்படியானால், நிறை தெரிந்த ஒரு பொருள் ஒரு சிறு குண்டை எவ்வளவு இழுக்கிறது, பூமி அதே குண்டை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து ஒப்பிட்டால் பூமியின் நிறை கிடைத்துவிடும். 1774-இல் பிரிட்டிஷ் வானியலாளர் நெவில் மாஸ்கெலின் இதற்கு ஒரு மலையையே படிக்கல்லாகப் பயன்படுத்தினார். ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலைக்கு அருகே தூக்குநூல் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து பூமியின் சராசரி அடர்த்தியை மதிப்பிட்டார்கள். நீரைப்போல் நாலரை மடங்கு என்று வந்தது. மலையின் நிறையையே மதிப்பிடத்தான் முடிந்தது என்பதால் விடையும் அந்த அளவுக்கே நம்பத்தக்கதாக இருந்தது. படிக்கல் எவ்வளவு என்று தெரியாத தராசு அது.

ஹென்றி காவெண்டிஷ் 1797–98-இல் மலைக்குப் பதிலாக ஈயக் குண்டுகளை எடுத்துக்கொண்டார். கருவியைத் திட்டமிட்டவர் ஜான் மிச்செல். அவர் 1793-இல் இறந்துவிட, காவெண்டிஷ் அதைத் திருத்தியமைத்தார். ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள மரச்சட்டம் ஒன்று மெல்லிய கம்பியில் கிடையாகத் தொங்கியது. அதன் இரு முனைகளிலும் முக்கால் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான சிறு ஈயக் குண்டுகள். அவற்றின் அருகே 158 கிலோகிராம் நிறையுள்ள இரண்டு பெருங்குண்டுகள் நகர்த்தப்பட்டன. பெருங்குண்டுகள் இழுக்க, சட்டம் மிக மிகச் சிறிதளவு திரும்பி, கம்பி முறுகியது. ஒருவர் உள்ளே நின்றால் அவர் உடலின் வெப்பத்தால் எழும் காற்றோட்டமே சட்டத்தை அசைத்துவிடும் என்பதால், கருவியை மூடிய அறையில் வைத்து, வெளியிலிருந்து தொலைநோக்கியால் பார்த்து அளந்தார். பெருங்குண்டின் இழுவிசை, அதே சிறுகுண்டைப் பூமி இழுக்கும் விசையில் ஏறத்தாழ 4.7 கோடியில் ஒரு பங்கு. இயற்பியலில் இவ்வளவு பொறுமையைக் கேட்ட சோதனைகள் அந்நாளில் அரிது.

அந்த அளவிலிருந்து பூமியின் நிறைக்குப் போகும் வழியை நாமே நடந்து பார்க்கலாம். பெருக்கலுக்கு மேல் எதுவும் வேண்டாம். பெருங்குண்டின் மையம் சிறுகுண்டின் மையத்திலிருந்து 22.5 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அலகைக் கவனிக்க: இரண்டையும் மீட்டருக்கு மாற்றினால் 0.225 மீட்டர், 63,71,000 மீட்டர். பூமியின் மையம் ஏறத்தாழ 2.83 கோடி மடங்கு தொலைவில் உள்ளது. ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கேற்பக் குறைவதால், அவ்வளவு தொலைவிலிருந்து, குண்டுக்குச் சமமாக மட்டும் இழுக்கவே பூமிக்கு 8 × 10¹⁴ மடங்கு நிறை வேண்டும். பூமி சமமாக இழுக்கவில்லை, 4.7 கோடி மடங்கு கூடுதலாக இழுக்கிறது. ஆகவே 158-ஐ 8 × 10¹⁴-ஆலும் 4.7 × 10⁷-ஆலும் பெருக்கினால் 5.9 × 10²⁴ கிலோகிராம் வருகிறது. இன்று ஏற்கப்பட்ட மதிப்பு 5.972 × 10²⁴ கிலோகிராம்.

காவெண்டிஷ் தம் முடிவைக் கிலோகிராமில் சொல்லவில்லை. பூமியின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் 5.48 மடங்கு என்றே சொன்னார். இன்றைய மதிப்பு 5.51. ஈர்ப்பு மாறிலியை, அதாவது நிறையும் தொலைவும் தெரிந்தால் இழுவிசை எவ்வளவு என்று சொல்ல உதவும் நிலையான எண்ணை, அளந்தவர் என்று அவரைப் பாடநூல்கள் புகழ்வதுண்டு; அவர் காலத்தில் அந்த மாறிலியை அப்படித் தனியே பிரித்து எழுதும் வழக்கமே இல்லை. அவர் செய்தது நேரான ஒப்பீடு: இந்தப் பக்கம் ஈயக் குண்டு, அந்தப் பக்கம் பூமி.

நிலவுகள் சொல்லும் விகிதம்

வியாழனுக்குப் பக்கத்தில் ஈயக் குண்டை வைக்க முடியாது. ஆனால் வியாழனைச் சுற்றிவரும் நிலவுகள் அதன் இழுவிசையை ஓயாமல் அளந்துகொண்டேயிருக்கின்றன. ஒரு நிலவு எவ்வளவு தொலைவில், எவ்வளவு விரைவாகச் சுற்றுகிறது என்பது, நடுவில் இருக்கும் கோளின் நிறையைப் பொறுத்தது. நிலவு அக்கோளைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை, நிலவின் சொந்த நிறை பொருட்டில்லை. சுற்றுப்பாதையின் ஆரத்தை மூன்று முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி வரும் மும்மடியைச் சுற்றுக்காலத்தின் இருமடியால் வகுத்தால், கிடைக்கும் எண் கோளின் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கெப்ளர் 1619-இல் வெளியிட்ட மூன்றாம் விதிக்கு நியூட்டன் கண்ட பொருள் இதுவே.

வியாழனின் நிலவான அயோவின் தொலைவு 4,21,700 கிலோமீட்டர்; சுற்றுக்காலம் 1.769 நாள். நம் நிலவின் தொலைவு 3,84,400 கிலோமீட்டர், சுற்றுக்காலம் 27.32 நாள். இரண்டு நிலவுகளும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்கின்றன என்பது இங்கே நமக்கு வாய்த்த வசதி; ஒன்று ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ள, மற்றது இரண்டு நாளுக்குள் சுற்றி முடிக்கிறது. வியாழன் எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பது கணக்கில்லாமலே புலப்படுகிறது. கணக்காகவும் பார்க்கலாம். தொலைவுகளின் விகிதம் 1.097, அதன் மும்மடி 1.32. காலங்களின் விகிதம் 15.44, அதன் இருமடி 238.5. இரண்டையும் பெருக்கினால் 315. வியாழன் பூமியைப்போல் ஏறத்தாழ 315 மடங்கு நிறையுள்ளது என்கிறது நம் கணக்கு. ஏற்கப்பட்ட மதிப்பு 318. இந்தச் சிறு இடைவெளிக்குப் பெரிதும் காரணம் நம் நிலவுதான். அது பூமியின் நிறையில் 81-இல் ஒரு பங்கு. புறக்கணிக்கத்தக்க அளவுக்குச் சிறியதன்று. அதன் சுற்றுப்பாதை காட்டுவது பூமி, நிலவு ஆகிய இரண்டின் கூட்டு நிறையை.

இந்தக் கணக்கில் கிலோகிராம் எங்குமே வரவில்லை. கிலோமீட்டரை மைலாக மாற்றியிருந்தாலும், நாளை மணியாக மாற்றியிருந்தாலும் விடை 315-தான். விகிதம் எடுக்கும்போது அலகுகள் தாமே அடிபட்டுவிடுகின்றன. நியூட்டன் இதைத்தான் செய்தார். ஈர்ப்பு விதியை வெளியிட்ட தம் "பிரின்சிப்பியா" நூலின், 1726-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் வியாழனின் நிறை சூரியனுடையதில் 1,067-இல் ஒரு பங்கு என்று தந்திருக்கிறார். இன்றைய மதிப்பு 1,047-இல் ஒரு பங்கு. பூமியே எவ்வளவு நிறையுள்ளது என்று எவருக்கும் தெரியாத காலத்தில் எழுதப்பட்ட எண் அது.

நிலவு இல்லாத கோள்கள் தொல்லை கொடுத்தன. புதனுக்கும் வெள்ளிக்கும் நிலவுகள் கிடையா. அவை பக்கத்துக் கோள்களின் பாதையை எவ்வளவு சற்றே விலக்குகின்றன என்பதிலிருந்துதான் நெடுங்காலம் அவற்றின் நிறையைக் கணித்தார்கள். வெள்ளிக்கு அது ஓரளவு கைகூடியது, சிறிய புதனுக்கு மிகத் தோராயமாகவே முடிந்தது. செவ்வாயின் இரு நிலவுகளை ஆசஃப் ஹால் கண்டுபிடித்த 1877-வரை அதற்கும் இதே நிலைதான். புளூட்டோவின் கதை இன்னும் வேடிக்கையானது. அது பூமியளவு இருக்கும் என்று ஒரு காலத்தில் எண்ணியவர்கள் உண்டு. 1978-இல் அதன் நிலவு சாரோன் கண்டறியப்பட்டதும், புளூட்டோ பூமியின் நிறையில் ஏறத்தாழ 500-இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்பது தெளிவாயிற்று.

இப்போது நிலவு இல்லாத இடத்துக்கு நாமே ஒன்றை அனுப்பிவிடுகிறோம். 1962 டிசம்பரில் மரைனர் 2 வெள்ளியைக் கடந்தது. 1974–75-இல் மரைனர் 10 புதனை மும்முறை கடந்தது. கோளின் ஈர்ப்பு விண்கலத்தின் வேகத்தை மாற்றும்போது, அது அனுப்பும் வானொலி அலையின் அதிர்வெண் டாப்ளர் விளைவால் மிகச் சிறிதளவு பெயர்கிறது. அந்தப் பெயர்ச்சியை அளந்தால் வேகமாற்றமும், அதிலிருந்து கோளின் இழுவிசையும் தெரிந்துவிடும். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை நிறுப்பதிலும் டாப்ளர் விளைவுதான் கைகொடுக்கிறது. அங்கே அளப்பது, கோள் இழுப்பதால் விண்மீன் எவ்வளவு தள்ளாடுகிறது என்பதை. ஆனால் பாதை நமக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாதபோது, இந்த முறை "குறைந்தது இவ்வளவு நிறை" என்று மட்டுமே சொல்லும்.

கிலோகிராமுக்கு மாற்றும் காரணி

விண்கலங்களின் பாதையிலிருந்து கிடைப்பது உண்மையில் கோளின் நிறையன்று. நிறையையும் ஈர்ப்பு மாறிலியையும் பெருக்கிய தொகை. பூமிக்கு அந்தத் தொகை 3.986004418 × 10¹⁴ (நீளத்தை மீட்டரிலும் காலத்தை நொடியிலும் கொண்டால்). செயற்கைக்கோள்களைத் தொடர்ந்து கவனித்ததால் இது நூறு கோடியில் இரண்டு பங்கு என்ற நுண்மையில் தெரிந்திருக்கிறது. இந்தத் தொகையை ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால் நிறை கிலோகிராமில் கிடைக்கும். அதாவது ஈர்ப்பு மாறிலி என்பது, கோளின் இழுவிசையைக் கிலோகிராமாக மாற்றும் காரணி. பவுண்டைக் கிலோகிராமாக்கும் 0.45359237 செய்யும் அதே வேலையைச் செய்வது.

ஆனால் அந்த எண் வரையறையால் வந்தது, இதுவோ அளந்து பெறவேண்டியது. ஈர்ப்பு மிக மெல்லிய விசை. ஆய்வகத்தில் இரண்டு உலோகக் குண்டுகளுக்கு இடையே அதை அளக்கும் வேலை காவெண்டிஷ் காலத்திலிருந்து அடிப்படையில் மாறவில்லை, இன்றும் பல சோதனைகளில், அவருடையதைப்போல் கம்பி முறுகுவதை அளக்கும் முறுக்குத் தராசே பயன்படுகிறது. ஈர்ப்பு மாறிலியின் ஏற்கப்பட்ட மதிப்பு 6.67430 × 10⁻¹¹. அதன் ஐயப்பாடு பத்து லட்சத்தில் 22 பங்கு. முக்கியமான இயற்பியல் மாறிலிகளுள் இவ்வளவு தோராயமாகத் தெரிந்தவை மிகச் சிலவே.

சங்கிலியின் வலுவற்ற கண்ணியே மொத்தச் சங்கிலியின் வலுவைத் தீர்மானிக்கிறது. பத்து இலக்கங்கள் தெரிந்த ஓர் எண்ணை, நான்கு இலக்கங்களுக்கு மேல் உறுதியில்லாத எண்ணால் வகுத்தால் விடையிலும் அவ்வளவே உறுதியாகும். எனவே பூமியின் நிறையைக் கிலோகிராமில் எழுதும்போது ஏறத்தாழ 1.3 × 10²⁰ கிலோகிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். பூமியைச் சூழ்ந்த காற்றின் மொத்த நிறை 5.15 × 10¹⁸ கிலோகிராம்தான். ஆக நம் ஐயப்பாடு வளிமண்டலத்தைப்போல் இருபத்தைந்து மடங்கு.

வானியலாளர்கள் இதற்காகக் கவலைப்படுவதில்லை. விண்கலத்தைச் சனிக்கு அனுப்பக் கணக்கிடுபவருக்கு வேண்டியது அந்தப் பெருக்குத் தொகை மட்டுமே. அதைக் கிலோகிராமாக்கிப் பிறகு மீண்டும் மாறிலியால் பெருக்குவது, நல்ல எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அதை வேண்டுமென்றே கெடுப்பதாகும். வேறு விண்மீன்களின் கோள்களைப் பற்றிய கட்டுரைகளில் "பூமி நிறை", "வியாழன் நிறை" என்பவற்றையே அலகாக எழுதுவதற்கு, எண்கள் படிக்க எளிதாவதோடு இதுவும் ஒரு காரணம்: விகிதத்தில் ஈர்ப்பு மாறிலி அடிபட்டுவிடும். வியாழன் 317.8 பூமி நிறை, சனி 95.2, செவ்வாய் 0.107 என்ற எண்களில் அந்த ஐயப்பாட்டுக்கு இடமில்லை.

நாளை ஏதோ ஓர் ஆய்வகத்தில் யாரோ ஈர்ப்பு மாறிலியை இன்னும் நுண்மையாக அளந்து, அது இன்றைய மதிப்பைவிடச் சற்றே கூடுதல் என்று காட்டினால், பூமி, செவ்வாய், வியாழன், சூரியன் ஆகிய எல்லாவற்றின் கிலோகிராம் மதிப்புகளும் அதே விகிதத்தில் ஒருசேரக் குறையும். அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடும் எண்களில் ஓர் இலக்கமும் மாறாது.